அத்தை டாக்டரிடம் கேட்ட கேள்வி

தளர்ந்துபோன மார்பைத் தூக்கி நிறுத்த அறுவைச் சிகிச்சை செய்துகொள்ளப் போகிறேன் என்று மாமியாரிடம் சொல்வதற்கு முன், பல நாள் மனதுக்குள்ளேயே அவரோடு சண்டை போட்டுப் பழகினேன். "இந்த வயசுல யாருக்குக் காட்டப் போற?" என்று அவர் கேட்பார். "எனக்கே காட்டிக்கப் போறேன்" என்று நான் சொல்வேன். "ஊரு சிரிக்கும்" என்பார். "ஊரு எப்ப சிரிக்காம இருந்துச்சு?" என்பேன். எல்லாப் பதிலும் தயாராக வைத்துக்கொண்டுதான் போய் நின்றேன். அவர் வாசலில் உட்கார்ந்து பறித்து வந்த சின்ன வெங்காயத்தின் காய்ந்த தாளை அறுத்துக்கொண்டிருந்தார். நிமிராமலேயே, "எப்ப போவணும்? நானும் வரேன்" என்றார்.

எனக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது. அத்தை என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். செட்டிகுளத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். கணவர் சிங்கப்பூரில் இருக்கிறார். வீட்டில் நானும் அத்தையும் எட்டாவது படிக்கிற என் மகளும்தான். நான் பெரம்பலூரில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். வகுப்பில் என் வாய்க்குப் பிள்ளைகள் பயப்படுவார்கள். வீட்டில் கண்ணாடிக்கு நான் பயப்படுவேன். அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் உடை மாற்றுவது. குளிக்கும்போதுகூடக் குனிந்து பார்க்க மாட்டேன். கணவர் ஊருக்கு வந்தால் விளக்கை அணைக்கச் சொல்வேன். அவர் இதுவரை ஒரு வார்த்தை குறையாகச் சொன்னதில்லை. ஆபரேஷன் விஷயத்தைப் போனில் சொன்னபோதும், "உன் இஷ்டம்" என்றார். எதைக் கேட்டாலும் அவர் சொல்கிற பதில் அது.

திருச்சியிலிருந்து வாரம் ஒருமுறை பெரம்பலூருக்கு வந்து பார்க்கிற பெண் டாக்டர். என்னைவிடச் சின்னவர். திரைக்குப் பின்னால் வைத்துப் பரிசோதித்துவிட்டு, எங்கள் இருவரையும் எதிரில் உட்காரவைத்துப் பேசினார். உபரித் தோலை எடுத்துவிட்டுக் காம்பை மேலே ஏற்றித் தைப்போம், அளவு கூடாது, இடம்தான் மாறும். காம்பைச் சுற்றியும் அதிலிருந்து கீழ்நோக்கியும் தழும்பு இருக்கும், மங்குமே தவிர மறையாது. உடம்பு கூடிக் குறைந்தால் மறுபடி தளரும். இன்னொரு குழந்தை பெறும் எண்ணம் இருந்தால் இப்போது வேண்டாம், பால் கொடுப்பதில் சிக்கல் வரலாம். முதலில் கட்டி ஏதாவது இருக்கிறதா என்று மார்புக்குப் படம் எடுத்துப் பார்த்துவிட வேண்டும். நிதானமாக, எதையும் மறைக்காமல் சொன்னார்.

"சில பேருக்குக் காம்புல உணர்ச்சி குறையும். கொஞ்சப் பேருக்குத் திரும்ப வராமலே போயிடலாம். அதையும் யோசிச்சுக்குங்க."

"போனா போகட்டும் டாக்டர்" என்றேன்.

சற்று வேகமாகச் சொல்லிவிட்டேன் போல. அவர் என்னை உற்றுப் பார்த்தார். உண்மையைச் சொன்னால், அது போய்த் தொலையட்டும் என்றுதான் நான் போனதே. அழகு, ஜாக்கெட் பொருத்தம் எல்லாம் வெளியில் சொல்லிக்கொள்ள. எங்காவது கைக்குழந்தை அழுதால் எனக்கு மார்பில் குறுகுறுவென்று ஊறும். பால் இறங்கும்போது வருகிற அதே குறுகுறுப்பு. பஸ்ஸில், கல்யாண மண்டபத்தில், பள்ளிக்கூட வாசலில் என்று எங்கே அழுதாலும் வரும். முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பேன்.

டாக்டர் மேற்கொண்டு ஏதோ கேட்க வாயெடுத்தார். அதற்குள் அத்தை முந்திக்கொண்டார்.

"டாக்டரம்மா, நான் ஒன்னு கேக்கணும். இதுக்கு மாருல மல்லியப்பூ வச்சி நான்தான் இறுக்கிக் கட்டுனேன். அதனாலதான் இப்புடி ஆயிப்போச்சா?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்தப் பேச்சை எங்கள் வீட்டில் யாரும் எடுத்ததே இல்லை.

என் இரண்டாவது பிள்ளை ஏழாம் மாதத்திலேயே அரியலூரில் ஒரு மருத்துவமனையில் பிறந்தான். பிறந்த கையோடு அவனை ஆம்புலன்ஸில் திருச்சிக்குக் கொண்டுபோனார்கள். கணவர் கூடப் போனார். தையல் போட்ட வயிற்றோடு நான் அரியலூரிலேயே கிடந்தேன். மறுநாள் மத்தியானம் கணவர் அத்தைக்குப் போன் செய்து, டாக்டர் கையை விரித்துவிட்டார் என்று அழுதார். பிள்ளை தங்காத தாய்க்குப் பால் கட்டிக்கொள்ளாமல் இருக்க, மார்பில் மல்லிகையை வைத்துத் துணியால் கட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். அத்தைக்குத் தலைப்பிள்ளை இறந்தபோது யாரும் அப்படிக் கட்டிவிடவில்லையாம். பால் கட்டி, சீழ் பிடித்து, காய்ச்சலில் சாகப் பிழைக்கக் கிடந்தாராம். அந்தப் பயம் அவருக்கு. பிள்ளை உயிரோடு இருக்கும்போதே, பஸ் ஸ்டாண்டுக்குப் போய்ப் பந்து பந்தாக மல்லிகை வாங்கி வந்து, பழைய வேட்டியைக் கிழித்து இறுக்கிக் கட்டினார். பூ வாட வாட மாற்றினார். நானும் பேசாமல் கையைத் தூக்கிக் காட்டினேன்.

பிள்ளை சாகவில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். பூக் கட்டிய மூன்றாம் நாள் திருச்சியிலிருந்து போன் வந்தது. குழந்தைக்குத் தாய்ப்பால் கொடுத்துப் பார்க்கலாம் என்கிறார்கள், கொஞ்சம் பீய்ச்சி அனுப்புங்கள் என்று. கட்டை அவிழ்த்து எறிந்துவிட்டு நானும் அத்தையும் மாறி மாறிப் பிழிந்தோம். வலியில் நான் கத்தினேன். பால் புகட்டுகிற பாலாடையின் அடிகூட நனையவில்லை. அதற்கடுத்த நாள் அவன் போய்விட்டான். பெயர் வைக்கவில்லை. படம் எடுக்கவில்லை. என்னிடம் காட்டாமலே எடுத்துப்போய்ப் புதைத்துவிட்டார்கள். அவனைப் புதைத்த பிறகு, ஒரு காலை நேரத்தில், என் மார்பில் பால் வந்தது. இரண்டு புடவை நனைகிற அளவுக்கு வந்தது. அன்றிலிருந்துதான் இந்த மார்பைப் பார்க்க எனக்குப் பிடிக்காமல் போனது.

இந்தக் கதை எதுவும் டாக்டருக்குத் தெரியாது. கேட்ட கேள்விக்கு அவர் சிரித்த முகமாகப் பதில் சொன்னார்.

"பூக் கட்டுறதால எல்லாம் தளராதும்மா. பிள்ளை உண்டாகறது, உடம்பு ஏறி இறங்கறது, வயசு, இதுதான் காரணம். உங்க மேல ஒரு தப்பும் இல்ல."

அத்தை டாக்டரைக் கையெடுத்துக் கும்பிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு உள்ளே பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை வருஷம் கழித்து, சம்பந்தமே இல்லாத ஒருத்தி ஒரே வார்த்தையில் எல்லாவற்றையும் மன்னித்துவிட்டாள். அவள் யார் மன்னிக்க? யோசித்துவிட்டுச் சொல்கிறோம் என்று எழுந்து வந்தேன். நன்றிகூடச் சொல்லவில்லை.

பஸ் ஸ்டாண்டில் எங்கள் ஊர் பஸ் நின்றுகொண்டிருந்தது. ஏறப்போகும்போது அத்தையைக் காணோம். பூக்காரியிடம் நின்று மல்லிகை வாங்கிக்கொண்டிருந்தார். அவன் போனதிலிருந்து எங்கள் வீட்டுக்குள் மல்லிகை வந்ததில்லை. மகளுக்குக்கூடக் கனகாம்பரம்தான். அத்தை கிட்டே வந்து, "திரும்பும்மா" என்று என் தலையில் வைக்கப் போனார். கையைத் தட்டிவிட்டேன். பூ கீழே விழுந்தது.

"பால் கேட்டு போன் வந்துச்சே, அதையும் டாக்டர்ட்ட கேட்டுட்டு வந்திருக்கலாமே! அது யாரு தப்பு?"

கத்தியேவிட்டேன். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அத்தை குனிந்து பூவை எடுத்து, மண்ணைத் தட்டி, பைக்குள் வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினார். பக்கத்தில்தான் உட்கார்ந்தேன், வேறு இடம் இல்லை. வண்டி டவுனைத் தாண்டி மக்காச்சோளக் கொல்லைகள் வந்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

"அதக் கேக்கத்தான் வந்தேன். வாயில வேற என்னமோ வந்துருச்சு. அத எந்த டாக்டருகிட்டம்மா போயி கேக்குறது?"

கொஞ்ச தூரம் போனதும் முன் சீட்டில் ஒரு கைக்குழந்தை வீறிட்டு அழுதது. எனக்கு வழக்கம்போல ஊறியது. முந்தானையை இழுத்து மூடினேன். அத்தை அதைக் கவனித்துவிட்டார்.

"இன்னமும் வருதா?"

"வருது."

"ஆப்ரேசன் பண்ணிக்கிட்டா போயிருமா?"

"போனாலும் போவும்னுதான சொன்னாங்க."

"அப்ப பண்ணிக்கம்மா. நீயாவது நிம்மதியா இரு" என்றார். சொல்லிவிட்டுப் பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். உள்ளே இருந்த மல்லிகை மணத்தது. அந்த மணத்தை நான் வெறுக்கிறேன். ஆனால் ஊர் வரும்வரை ஜன்னலைத் திறக்கச் சொல்லவில்லை.

இரண்டு நாள் கழித்து மருத்துவமனையிலிருந்து ஒரு பெண் போன் செய்து, தேதி குறித்துவிடலாமா மேடம் என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். பயமா இருக்கா மேடம் என்றாள். ஆமாம் என்றேன். அது பொய் இல்லை. தொலைத்துவிட வேண்டும் என்று இத்தனை காலம் நான் துடித்த அந்தக் குறுகுறுப்பைத் தவிர, அவன் என் வயிற்றில் பிறந்தான் என்பதற்கு என்னிடம் வேறு எதுவும் இல்லை. அதையும் அறுத்துப் போட எனக்குப் பயமாகத்தான் இருந்தது.

இதனால் எனக்கு நிம்மதி வந்துவிட்டது என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். அத்தையை நான் இன்னும் மன்னிக்கவில்லை, என்னையும்தான். இன்றைக்குக் காலையிலும் கண்ணாடிக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் புடவை கட்டினேன்.