நீக்கும்போதும் போட வேண்டிய பிளாப்பி

என் மேசை இழுப்பறையில், இனி எதற்கும் உதவாத பிளாப்பி ஒன்று கிடக்கிறது. உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிய கறுப்புச் சதுரம். உறையை முகர்ந்தால் கிளாரினெட்டுக்குத் தடவும் மெழுகின் வாசனை இன்னும் லேசாக வரும். அதைத் தந்தவர் விழுப்புரத்தில் கல்யாண பேண்டு நடத்திய மாஸ்டர். நான் இன்று திண்டிவனத்தில் கணினி சொல்லிக்கொடுக்கும் வேலையில் இருப்பதற்கு, அவர் எனக்காகச் சொன்ன ஒரு பொய்தான் காரணம்.

அப்போது நான் விழுப்புரத்துத் தட்டச்சுப் பயிலகம் ஒன்றில் ஆபரேட்டர். அங்கே இருந்தது ஒரே ஒரு கணினி. செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் அந்த அறைக்குள் போக வேண்டும். எங்கள் வீட்டில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் கொல்லையில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கப் போகிறவர்கள். "வேலை நிக்கிற அன்னிக்கு மாப்பிள்ள பாத்துடுவேன்" என்று அப்பா சொல்லியிருந்தார். அந்த வேலையை நான் இறுகப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

மாஸ்டரின் மைத்துனர் பிரான்சிலிருந்து இசை அமைக்கும் மென்பொருள் ஒன்றை இந்த பிளாப்பியில் கொண்டுவந்து கொடுத்திருந்தார். மகள் கல்யாணத்துக்கு மாஸ்டர் சொந்தமாக ஒரு மெட்டுப் போட்டிருந்தார். அதை அச்சில் எடுத்துத் தன் ஆட்களிடம் கொடுக்க வேண்டும் என்பது அவர் ஆசை. ஞாயிறுதோறும் அவர் ஸ்வரம் சொல்வார், நான் தட்டுவேன். கணினி ஒரு சமயத்தில் ஒரே ஸ்வரத்தைத்தான் கீச்சிடும்.

"இன்னா பாப்பா, பல்லி கத்துற மாதிரி கீது" என்று சிரிப்பார். "ஆனா தாளம் தப்பல பாரு. என் டிரம்ஸ்காரன் வந்து இத்தக் கேக்கணும்."

கணினியில் இடம் குறைவு. அதனால் காலையில் ஏற்றிய மென்பொருளை மாலையில் நீக்கிவிட வேண்டும் என்பது முதலாளியின் கட்டளை. அந்த பிளாப்பியில் ஒரே ஒரு முறை ஏற்றுவதற்குத்தான் அனுமதி இருந்தது. நீக்கும்போது பிளாப்பியை மறுபடி உள்ளே போட்டு, அதிலுள்ள நிரலாலேயே நீக்கினால் அனுமதி பிளாப்பிக்குத் திரும்பிவிடும். கூட வந்த ஆங்கிலத் தாளில் அப்படித்தான் எழுதியிருந்தது; ஆங்கிலம் தெரியாத மாஸ்டருக்கு நான்தான் அதைப் படித்துச் சொன்னேன். இரண்டு வாரம் அதன்படியே செய்தேன்.

மூன்றாவது வாரம் முதலாளி சாவியோடு வந்து நின்றார். "ஜல்தி முடிம்மா, பூட்டணும்." நான் அழிக்கும் கட்டளையைத் தட்டினேன். ஒரே நொடியில் எல்லாம் போனது.

"பிளாப்பி போட வேணாமா பாப்பா?" என்றார் மாஸ்டர்.

"அதெல்லாம் எனக்குத் தெரியும் மாஸ்டர்" என்றேன்.

அடுத்த ஞாயிறு மென்பொருள் ஏற மறுத்தது. அனுமதி ஏற்கெனவே ஒரு கணினிக்குத் தரப்பட்டுவிட்டது என்று திரை சொன்னது. அந்தக் கணினி இதுதான். இதிலோ எல்லாவற்றையும் நானே அழித்திருந்தேன். முதலாளி எட்டிப் பார்த்தார். "இன்னாம்மா, வெளிநாட்டுச் சாமானைக் கெடுத்துட்டியா? இப்பவே சொல்லு, வேற ஆள் பாத்துக்கறேன்."

நான் வாய் திறப்பதற்குள் மாஸ்டர் எழுந்துவிட்டார். "பாப்பா மேல ஒண்ணும் தப்பில்லீங்க. நான்தான் சைக்கிள்ல வெயில்லயே வெச்சினு வந்துட்டேன், வளைஞ்சி போச்சி."

தெருவுக்கு வந்ததும் என்னால் அடக்க முடியவில்லை. "மாஸ்டர், வெயில் இல்லீங்க, நான்தான்..."

"தெரியும் பாப்பா. பாத்துக்கினுதான இருந்தேன்."

"அன்னிக்கே அடிச்சிச் சொல்லியிருக்கலாமேங்க?"

"கேட்டேன். தெரியும்னுட்ட. படிச்ச பொண்ணாச்சேன்னு வாய மூடிக்கினேன்." அதில் குத்தல் இல்லை. அதனால்தான் தைத்தது. மெட்டு என்னாகும் என்று கேட்டேன். கிளாரினெட் பெட்டியைத் தட்டிக் காட்டினார்.

கண்டமங்கலத்தில் கல்யாணம் நடந்தது. அச்சுத்தாள் இல்லாமல் காதால் கேட்டே பழகிக்கொண்டு பேண்டுக்காரர்கள் அந்த மெட்டை வாசித்தார்கள். ஓரிடத்தில் டிரம்ஸ் பிசகியது. மாஸ்டர் என் பக்கம் திரும்பி, "நம்ம பல்லியே தேவல" என்றார். கிளம்பும்போது பிளாப்பியை என் கையில் வைத்தார். "நீயே வெச்சிக்கோ. எனக்கு இன்னாத்துக்கு?"

இப்போது என்னிடம் படிக்கிற பிள்ளைகள், "தெரியும் மிஸ்" என்று சொல்லிக்கொண்டே வேகமாக அழிக்கப் போகும்போது, நான் இழுப்பறையைத் திறந்து அந்த பிளாப்பியை மேசைமேல் வைக்கிறேன். நானே ஒன்றை நீக்கும்போதோ, பக்கத்தில் நிற்பவர் ஆங்கிலம் அறியாதவராக இருந்தாலும், விரலை விசைமேல் வைத்தபடி அவரைக் கேட்டுக்கொள்கிறேன்: "நான் எதையாச்சும் விட்டுட்டேனாங்க?"