பினாங்குக்கு எதிரே ஒரு தீவு

எண்பதுகளின் நடுவில் ஒரு மழைக்காலம். கணவர் வேலைக்காகக் குவைத் போயிருந்தார். தாராவியில், தோல் பை தைக்கும் பட்டறைக்கு மேலே இருந்த ஒற்றை அறையில் நான், எட்டு மாதக் கைக்குழந்தை, என் மாமனார் மூவரும் இருந்தோம்.

ஒருநாள் மீன் பொரிக்கும்போது எண்ணெய் முன்கையில் தெறித்தது. கொப்புளம் வந்தது; ஆனால் வலியே இல்லை. அந்த இடத்தில் வெளிறிய தேமல் ஒன்று வெகுநாளாகவே இருந்தது. உணர்ச்சியில்லாத தேமல் தொழுநோயாக இருக்கலாம் என்று, எங்கள் சந்துக்கு வந்த ஒரு நர்ஸ் படம் காட்டிச் சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

பயத்தில் குழந்தையைத் தூக்குவதையே நிறுத்திவிட்டேன். அது பாலுக்கு அழும். நான் சுவரோரம் உட்கார்ந்து அழுவேன். மாமனார் கவனித்துவிட்டார்.

"ஏன் மவளே, புள்ள தொண்ட கட்டுற மட்டும் அழுவுதே, ஒனக்குக் கேக்கலியா?"

கையை நீட்டிக் காட்டினேன். பார்த்தவுடன் ஏணியில் இறங்கிப் போய்விட்டார். இனி இந்த வீட்டில் இடமில்லை என்று துணியை மூட்டை கட்டினேன். திரும்பி வந்தபோது அவர் கண்கள் சிவந்திருந்தன.

"அத அவுத்து வையி. ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்று குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டார்.

பஸ்ஸில்தான் சொன்னார். அவர் பிறந்தது பினாங்கில். அவருடைய வாப்பாவுக்கு அங்கே துணிக்கடை. இவருக்கு ஆறு வயதாகும்போது உம்மாவுக்கு இந்த நோய் கண்டது. நோயாளிகளை ஒதுக்கி வைக்கும் ஒரு தீவு எதிரே இருந்தது. உம்மாவை அங்கே கொண்டுபோகப் போலீசோடு படகு வந்ததாம்.

"நான் உம்மா சேலைய விடாமப் புடிச்சிருந்தேன். என் வெரல ஒவ்வொண்ணாப் பிரிச்சி விட்டது போலீசு இல்ல மவளே, உம்மாதான். எனக்கும் ஒட்டிரும்னு பயம்."

அதன் பிறகு அவர் தாயைப் பார்க்கவே இல்லை. வாப்பா பிள்ளைகளோடு ஊர் திரும்பிவிட்டார். உம்மா எப்போது இறந்தார், எங்கே அடக்கினார்கள், ஒன்றும் தெரியாது. வெளியே தெரிந்தால் குடும்பத்தில் யாரும் சம்பந்தம் வைக்க மாட்டார்கள் என்று வாயை மூடியே வளர்ந்திருக்கிறார். என் கணவருக்குக்கூட இது தெரியாது.

ஆஸ்பத்திரியில் சோதித்த பெண் டாக்டர், அந்த நோய்தான் என்றார். ஆனால் ஆரம்பம், விடாமல் மாத்திரை சாப்பிட்டால் குணமாகிவிடும், தாராளமாகப் பால் கொடுக்கலாம் என்று இந்தியில் சொன்னார். மாமனாருக்கு நம்பிக்கை வரவில்லை. "கர் மே ஹி ரஹேகி?" வீட்டிலேயே இருப்பாளா என்று திரும்பத் திரும்பக் கேட்டார். டாக்டரும் சலிக்காமல் தலையாட்டினார்.

வெளியே பெஞ்சில் குழந்தையை என் மடியில் கிடத்தினார். பிறகு தொப்பியைக் கழற்றி முகத்தைப் பொத்திக்கொண்டார்.

"மாத்திரதானா? யா அல்லா, வெறும் மாத்திரதானா?"

அறுபதைத் தொட்ட மனிதர், போகிற வருகிறவர்களைப் பற்றிக் கவலைப்படாமல் தேம்பித் தேம்பி அழுதார்.

நான் முழுக்கக் குணமானேன். அன்று மடியில் கிடந்த என் மகளுக்கே இப்போது பிள்ளைகள் இருக்கிறார்கள், மாமனார் இல்லை. பிழைத்ததற்கு அல்லாவுக்கு நன்றி சொல்லும்போதெல்லாம், அந்த மருந்து ஒரு தலைமுறை முன்னால் வந்திருக்கக் கூடாதா என்ற துக்கம்தான் எனக்கு முந்திக்கொண்டு வருகிறது.