வாயடைத்த நெட் போன்

பண்ணைக்காட்டில் காதுகுத்து முடிந்து, ஆயக்குடிக்குத் திரும்ப பஸ் நிறுத்தத்து டீக்கடையில் நிற்கிறோம். மனைவி கையில் மருமகன் வாங்கிக் கொடுத்த நெட் போன். வீட்டில் இருந்தால் மஸ்கட்டுக்குப் பக்கத்து வீடு மாதிரிப் பேசும். வெளியூர் கொண்டுவந்தால் சார்ஜ் தீர்ந்து படுத்துவிடும். என் பட்டன் போனில் வெளிநாடு போகாது.

அங்கே மகளுக்கு இன்று ஆபரேஷன் பண்ணிப் பிள்ளை எடுக்கிறார்கள். உள்ளே போகுமுன் ஒரு வார்த்தை பேச வேண்டும். சார்ஜ் இல்லை. டீக்கடையில் பிளக் இருக்கிறது. வயர்தான் போனுக்குள் நுழைய மாட்டேன் என்கிறது. திருகித் திருகி எரிச்சல்தான் மிச்சம்.

பக்கத்தில் நிற்கும் ஜீப் டிரைவர் வாங்கி, வெயிலில் சாய்த்துப் பார்க்கிறார்.

"அண்ணே, ஓட்டையில சந்தனம் அடைச்சுக் கெடக்கு."

"ஆயுத பூசைக்கு வச்சேன்" என்கிறாள் மனைவி.

"பொட்டு வைங்கக்கா, வேணாங்கல. வாயிலயா அப்புறது?"

அவள் தாலிக்கயிற்றில் மாட்டிய ஊக்கைக் கழற்றித் தருகிறாள். டிரைவர் நோண்டி எடுத்து வயரைச் செருகுகிறார். கொஞ்ச நேரத்தில் போனில் விளக்கு எரிகிறது. மஸ்கட்டுக்குப் போடுகிறேன். மருமகன் எடுக்கிறார்.

"இப்பத்தான் மாமா உள்ள கூட்டிட்டுப் போனாங்க. அம்மா பேசலையான்னு கேட்டுக்கிட்டே போனா. கட் பண்ணாதீங்க, லைன்லயே இருங்க."

மனைவி போனை வாங்கிக் காதில் அழுத்திக்கொள்கிறாள். நாங்கள் போகவேண்டிய பழனி பஸ் வந்து ஹாரன் அடிக்கிறது. இதை விட்டால் சாயங்காலம்தான். பிளக்கை விட்டு நகர வயர் நீளம் பத்தாது. கண்டக்டரைப் போகச் சொல்லிக் கை காட்டுகிறேன்.