மார்புக் கட்டி எலிகளும் அக்காவின் பாலும்

அறுபதுகளில் பம்பாயில் எனக்கு எலி வளர்க்கும் வேலை. நாங்கள் குடியிருந்த தாராவியில், எலியை விரட்டத்தான் ஆள் வேண்டும், வளர்க்கவா என்று கேட்டுச் சிரித்தார்கள். சிரிக்கட்டும். மார்பில் கட்டி எப்படி வருகிறது என்று பார்ப்பதற்காக ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் வெள்ளை எலிகளை வம்சம் வம்சமாக வளர்த்தோம். ரத்தம் கலந்துவிடாமலிருக்க அண்ணனையும் தங்கையையும்தான் சேர்த்துவிடுவோம். வீட்டில் சொன்னால் காதைப் பொத்திக்கொள்வார்கள். ஒரு வம்சத்துப் பெட்டைகளுக்கு வயதானால் கட்டி வந்தே தீரும். இன்னொன்றில் அபூர்வம்.

எங்கள் அம்மா போனது மார்புக் கட்டியில்தான். அதனால் அந்தக் கூண்டுகளை நான் சும்மா பார்த்துக்கொண்டு நிற்கவில்லை.

அங்கே எங்களுக்குத் தலைவர் ஒரு டாக்டரம்மா, மாட்டுங்காவில் குடியிருந்த தமிழர். வெளிநாட்டில் கண்டுபிடித்த ஒன்று நம் எலிகளிலும் சரியாக வருகிறதா என்று பார்க்க நினைத்தார். கட்டி வம்சத்துக் குட்டி பிறந்ததும், ஒரு வாய் பால் குடிப்பதற்குள் எடுத்து மற்ற வம்சத்துத் தாயிடம் விட வேண்டும். எலிக்குட்டியின் தோல் அவ்வளவு மெல்லிசு. குடித்துவிட்டால் வயிற்றில் பால் வெள்ளையாகத் தெரியும். அப்புறம் அந்தக் குட்டி உதவாது. வளர்ப்புத் தாயின் கூண்டிலிருக்கும் மரத்தூளைக் குட்டிமேல் தேய்த்து, அவள் வாசனையை ஏற்றித்தான் விடுவேன். நல்லெண்ணெய் வாசனையோடு தொட்டால் தாய் குட்டியைக் கடித்துவிடும் என்று, வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியலையே ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றிக்கொண்டேன்.

அந்தக் குட்டிகள் கிழவிகளாயின. பெரும்பாலானவற்றுக்குக் கட்டி வரவில்லை. அம்மாடி! அதே ரத்தம், அதே வம்சம், பால் மட்டும் வேறு. அப்படியானால் கட்டி வருவது தாய்ப்பாலில்! கூண்டின் முன்னால் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இத்தனை பெரிய விஷயம் இத்தனூண்டு எலிக்குள் இருக்கிறதே என்று ஒவ்வொரு கூண்டாகத் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

இப்படியொன்றை எப்படி வீட்டில் சொல்லாமல் இருப்பது? நிறைமாதமாக இருந்த அக்காவிடம் சொன்னேன். பெண் குழந்தை பிறந்ததும் அவள் மார்பைத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு, பாலே கொடுக்க மாட்டேன் என்றுவிட்டாள்.

"அம்மைக்கு வந்தது எனக்கும் வரும். எம் பிள்ளைக்கு அதக் குடுக்க மாட்டேன்."

டப்பாப் பால் பிள்ளைக்குச் சேரவில்லை. வயிற்றால் போய்ப் போய்க் கன்னம் ஒட்டிவிட்டது. அக்காவுக்கோ பால் கட்டிக்கொண்டு காய்ச்சல். நான் டாக்டரம்மாவிடம் ஓடினேன்.

"எலி விஷயம் நிச்சயமாத் தெரியும். மனுஷாளுக்கு அப்படியான்னு எனக்குத் தெரியாது," என்றார். "ஆனா அந்தக் குழந்தை இப்போ பாலில்லாமத்தான் சாகப்போறது. போய்ச் சொல்லு."

அத்தனை படித்தவர் தெரியாது என்று சொன்னது எனக்கு அந்த எலிகளைவிடப் பெரிய அதிசயமாக இருந்தது. அப்படியே கொண்டுபோய் அக்காவிடம் சொன்னேன்.

"இம்புட்டு எலிய வச்சிருக்கிய, தெரியாதா?"

"தெரியாதுக்கா. பிள்ளைக்கு வயித்தால போறதுதான் தெரியுது."

அவள் பிள்ளையின் ஒட்டிய கன்னத்தைத் தடவினாள். பிறகு கேட்டாள்: "ஏட்டி, நாம ரெண்டு பேரும் யாரு பால் குடிச்சு வளந்தோம்?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எத்தனையோ குட்டிகளைத் தாய் மாற்றிவிட்டவள் நான். நானும் ஒரு தாயிடம் குடித்தவள் என்பது அதுவரை தோன்றவேயில்லை.

"அம்மை பால்தான்."

"ஒனக்குப் பயமா இல்லயா?"

"இப்பத்தான்கா வருது."

அழுகையும் சிரிப்புமாக அக்கா மார்த்துணியை அவிழ்த்தாள். "பயத்த நாம ரெண்டு பேரும் வச்சிக்கிடுவோம். இவளுக்குப் பாலக் குடுப்போம்," என்றாள்.

பிள்ளைக்குச் சப்பக்கூடத் தெம்பில்லை. அக்கா முதல் சொட்டை அதன் உதட்டில் பீய்ச்சினாள். நாக்கை நீட்டி நக்கிக்கொண்டு, பிறகு குடித்தது.