கவிழ்ந்து கிடந்த போன்

போன வருடத்துக்கு முந்திய வருடம், வைகாசி மாதம், ஒரு வியாழக்கிழமை காலை பதினொரு மணி. திண்டுக்கல்லில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து வீடியோ கால் போட்டேன். திரையில், நான் அக்கா என்று கூப்பிடும் அந்த வீட்டுப் பெண் இருந்தார். பின்னால் முருங்கைக்காய்க் குவியல் இருந்தது, அதை மோந்து பார்த்துக்கொண்டு ஒரு ஆடும் இருந்தது. அக்காவின் கணவர் நூல் மில்லில் ஷிஃப்ட்டில் இருந்தார். யாருக்காக அந்தக் காலோ, அவர் மட்டும் இல்லை.

அவர் அக்காவின் கொழுந்தனார். வயது முப்பத்து நாலு. ஊருக்கு வெளியே மானாவாரிக் காட்டில் வீடு. சில வருடங்களாக மனநோய். மாத்திரையில் பெரிய தொந்தரவுகள் அடங்கிவிட்டன. ஆனால் எழுந்து குளிப்பது, சாப்பிடுவது, நாலு பேரோடு பேசுவது, ஒரு வேலையைத் தொட்டு முடிப்பது எல்லாம் நின்றுபோயிருந்தன. அதையெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பப் பழக்குவதுதான் என் வேலை. ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் என்பார்கள். வெங்காயப் பேட்டையில் மூட்டை தூக்கி என்னைப் படிக்க வைத்த என் அப்பாவுக்கு இந்தப் பெயர் இன்னும் வாயில் நுழையவில்லை. "எம் மயன் போன்லயே வைத்தியம் பாக்குறான்" என்று சொல்லிக்கொள்வார். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடத்தைத் தாண்டியவன் நான். அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மூன்று மாதமாக வாரம் ஒரு நாள் கால். அக்கா போனைப் பிடிப்பார். துண்டு மடிக்கச் சொல்வேன், டம்ளர்களை வரிசையாக அடுக்கச் சொல்வேன். கொழுந்தனார் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். "அண்ணே, கேமராவைப் பாருங்கண்ணே, உங்க முகம் தெரியல" என்று ஒவ்வொரு வாரமும் கெஞ்சுவேன். முடிந்ததும் ஃபைலில் 'ஒத்துழைப்பு இல்லை' என்று எழுதுவேன்.

அந்த மாதத் தொடக்கத்தில் அவருடைய அண்ணன் என்னிடம் சொல்லியிருந்தார்: "சார், நானும் மனுசந்தான. வெளிய மில்லு, வீட்டுக்கு வந்தா இவன். இந்த மாசம் பாப்பேன். இல்லன்னா கொண்டுபோயி காப்பகத்துல விட்டுர்றேன். முன்பணத்துக்கு ரெண்டு ஆட்டுக்கு வெல பேசி வச்சாச்சு." கோபமாகச் சொல்லவில்லை. களைத்துப்போய்ச் சொன்னார். மாதம் முடிய இன்னும் ஒரு வாரம்தான் இருந்தது.

அந்த வியாழக்கிழமை, "எங்கக்கா அவரு?" என்று நான் கேட்பதற்குள் வெளியே வேன் ஹாரன் அடித்தது. முருங்கைக்காய் வியாபாரி. "சார், செத்த நேரம் இருங்க, வந்துர்றேன்" என்று அக்கா போனைக் குவியல் மேல் சாய்த்து வைத்தார். அது சரிந்து கவிழ்ந்தது. திரை இருட்டு.

கட் பண்ணிவிட்டுப் பிறகு கூப்பிடலாம் என்று விரலைக் கொண்டு போனேன். அப்போது வியாபாரியின் குரல் கேட்டது.

"தாயி, பத்து கிலோவுக்கு ஒரு கிலோ எடையில கழிவு போட்டுக்கிருவேன். மழைத்தண்ணி ஏறுன காயி."

"போன வாரம் அரைக் கிலோதானண்ணே போட்டீக?"

"போன வாரம் மழை இல்லையே."

அப்புறம் ஒரு ஆண் குரல். கரகரவென்று, ரொம்ப நாள் பூட்டிக் கிடந்த கதவைத் திறந்தது மாதிரி. "நனஞ்ச காய அங்கிட்டு தனியா வச்சிருக்கு. இது நனையாத காயி. கழிவு எதுக்கு?"

வியாபாரிதான் முதலில் சுதாரித்தார். "ஏலே! நீயாலே! வெளிய வந்துட்டியா? இம்புட்டு நாளா எங்க இருந்த?"

"அது கெடக்கட்டும். தராசுல ஒண்ணும் வைக்காமப் போடு. சைபர் காட்டுதான்னு பாப்போம்."

"அடப்பாவி, வந்ததும் வராததுமா எந் தராசுலயா கைய வைக்கிற!"

அக்கா சிரித்த சத்தம் கேட்டது. அழுகையும் அதில் இருந்தது. மூன்று மாதத்தில் அந்த மனிதர் ஒரு முழு வாக்கியம் பேசி நான் கேட்டதில்லை. கட் பண்ண எடுத்த விரல் அப்படியே நின்றது. எடை போட்டு, கட்டுகளை வேனில் ஏற்றி முடியும்வரை கேட்டுக்கொண்டே இருந்தேன்.

வேன் போனதும் அக்கா போனை எடுத்தார். "அய்யய்யோ, சார், இன்னும் லயன்லதான் இருக்கீங்களா?" அக்காவுக்குப் பின்னால் கொழுந்தனார் நின்றிருந்தார். திரையில் என் முகத்தைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. முதன்முதலாக என்னிடம் நேராகப் பேசினார்.

"பாத்துக்கிட்டே இருந்தியா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவருடைய நோயே அதுதான். யாரோ போன் வழியாகத் தன்னைக் கண்காணிக்கிறார்கள் என்ற பயம். ஃபைலின் முதல் பக்கத்தில், என் கையாலேயே நான் எழுதிய முதல் வரி. அந்த மனிதரிடம்தான் வாராவாரம் கேமராவைப் பாருங்கள் என்று மல்லுக்கட்டியிருக்கிறேன்.

இப்பத்தான் லயன் வந்துச்சு என்று ஒரு பொய் நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை. "பாக்கலண்ணே, போன் கவுந்து கெடந்துச்சு. ஆனா கேட்டேன். கட் பண்ணிருக்கணும், பண்ணல. எந் தப்புதான்."

அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அக்காவிடம் விசாரித்தேன். பத்து நாளாக, முந்தின நாள் பறித்துப் போட்ட காயை விடியுமுன்னே அவர்தான் ரகம் பிரித்துக் கட்டி வைக்கிறாராம். "ஏங்க்கா ஒரு வார்த்த சொல்லல?" என்றேன். "நீங்க துண்டு மடிக்கிறாரா, டம்ளர் அடுக்குறாரான்னுதான சார் கேட்டீங்க? இவுக அண்ணன்ட்டச் சொன்னேன். தூக்கம் கெட்டு எந்திரிச்சு அலையிறான், அதுவும் நோவுதான்னு சொல்லிட்டாக."

அவர் குணமாகி எழுந்து வந்ததை அண்ணன் நோய் என்று நினைத்திருந்தார். நானோ பார்க்கவே இல்லை.

சாயங்காலம் அண்ணனுக்குப் போன் பண்ணி நடந்ததைச் சொன்னேன். மில் இரைச்சலுக்கு நடுவே, "அவனா பேசுனான்? தராசச் சோதிக்கச் சொன்னானா?" என்று மறுபடி மறுபடி கேட்டார். பிறகு மெதுவாக, "எங்கிட்ட அவன் பேசி ஒன்றரை வருசம் ஆச்சு சார்" என்றார்.

நாலு நாள் ஒன்றும் நடக்கவில்லை. நான் காரியத்தைக் கெடுத்துவிட்டேன் என்றே நினைத்தேன். அவருக்கு மாத்திரை எழுதும் டாக்டரிடமும் வேலையில் என் மூத்தவரிடமும் உள்ளதைச் சொன்னேன். இனி அவரே கூப்பிட்டால்தான் பேசுவது, வீடியோ வேண்டவே வேண்டாம் என்று முடிவானது. அக்கா மூலம் அதைச் சொல்லி அனுப்பினேன். ஐந்தாம் நாள் அக்காவின் எண்ணிலிருந்து சாதா கால். அவர்தான்.

"இதுல எம் படம் தெரியுமா?"

"தெரியாதுண்ணே."

"நீ எங்க இருக்க?"

"திண்டுக்கல்ல, மாடி ரூம்புல."

"பக்கத்துல யாரு?"

"யாரும் இல்ல. ஒரு மேச, ஒரு ஃபேன். ஃபேனும் ஓடல, கரண்ட் இல்ல."

"சாப்டியா?"

"இன்னும் இல்லண்ணே."

"போயிச் சாப்புடு. பெறகு பேசுறேன்." வைத்துவிட்டார்.

இப்படித்தான் எங்கள் சிகிச்சை தொடங்கியது. அவர் கேட்பார், நான் பதில் சொல்வேன். பதினைந்து நாள் கழித்துத்தான் அவர் தன்னைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். காய் எத்தனை கட்டு, குளித்தாரா, மாத்திரை போட்டாரா என்று அவரே வரிசையாகச் சொல்வார். துண்டைப் பற்றி நான் மறந்தும் வாய் திறக்கவில்லை. சில வாரம் கால் வராது. கதவு சாத்தியே கிடக்கும். அப்புறம் ஒரு நாள் வரும். அண்ணன் காப்பகத்துக்குப் போன் பண்ணி, இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

இதை எழுதலாமா என்று அவரிடமே கேட்டேன். "எம் பேரு போடாத. ஊரு பேரும் போடாத. முருங்கைய வேணா போட்டுக்க" என்றார்.

இன்றைக்கும் ஒரு புது ஃபைலைத் திறந்தால், முதல் வரியை இரண்டு முறை படித்த பிறகே போனைத் தொடுகிறேன். விலை பேசிய ஆடுகள் இரண்டும் இன்னும் அந்தக் கொட்டகையில்தான் நிற்கின்றன. அண்ணன் திண்டுக்கல்லுக்கு வந்து, தம்பிக்கென்று கேமரா இல்லாத பட்டன் போன் ஒன்று வாங்கிப் போனார். கடைசியில் அந்தக் குடும்பத்துக்கு ஆன செலவு அவ்வளவுதான்: ஆயிரத்து நூறு ரூபாய்.