முன்வரிசைக் காது

கோபே நகரத்தில், மோட்டோமாச்சி ரயில் பாலத்தை ஒட்டிய சந்தில், முடிதிருத்தும் கடையின் மாடியில் ஃபுகுரோ என்றொரு ஜாஸ் காபிக்கடை. அங்கே முன்வரிசையில் இடமிருந்து இரண்டாவது நாற்காலி மொரிவாக்கி கென்சாகுவுடையது. யாரும் அவருக்குப் பட்டா போட்டுக் கொடுக்கவில்லை. நாற்பத்தாறு வருஷமாக உட்கார்ந்ததில் மெத்தை அவர் அளவுக்குக் குழிந்துவிட்டது. வேறு யார் உட்கார்ந்தாலும் ஒரு பக்கமாகச் சாய்வார்கள்.

பாட்டு தொடங்கியதும் மொரிவாக்கி கையைக் கட்டி, கண்ணை மூடி, உதட்டைப் பிதுக்கிக்கொள்வார். ஆழ்ந்த ரசனை என்றால் முகம் இப்படித்தான் இருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். மேடையிலிருந்து பார்க்கிறவர்களுக்கோ பல்வலியோடு பஸ்ஸுக்குக் காத்திருக்கிற ஆள் மாதிரி தெரியும். இதையெல்லாம் இப்போது அவரே சொல்லிச் சிரிக்கிறார். அப்போது சொல்லியிருந்தால் சொன்னவன் தொலைந்தான்.

அவருக்கு எழுபத்து மூன்று வயது. முப்பத்தெட்டு வருஷம் நகராட்சிக் குடிநீர் இலாகாவில் வேலை பார்த்தார். இரும்புக் கோலின் ஒரு முனையைத் தெருவில் ஊன்றி, மறுமுனையைக் காதில் வைத்து, பூமிக்கடியில் எந்தக் குழாய் கசிகிறது என்று கண்டுபிடிக்கிற வேலை. அவர் கைகாட்டிய இடத்தில் தோண்டினால் தண்ணீர் இருக்கும். அதனால் ஃபுகுரோவில் அவருக்குப் பட்டப்பெயரே ‘காது’. ஒரு கருவியும் வாசிக்கத் தெரியாது. வாலிபத்தில் ஒரு கிளாரினெட் வாங்கி ஊதிப் பார்த்தார். மூன்றாம் நாள் வீட்டுக்காரர் கதவைத் தட்டி, வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்று விசாரித்துவிட்டுப் போனார். அன்றோடு அதைப் பெட்டியில் வைத்தவர்தான், அடுத்தவன் வாசிப்பைத் திருத்துகிற பொறுப்பை ஏற்றுக்கொண்டார்.

திருத்துவதற்கு வசதியாக ஒரு நோட்டும் இருந்தது. கடை வாசலருகே பென்சிலோடு கட்டித் தொங்கும். கேட்டவர்கள் மனசில் பட்டதை எழுதலாம். மற்றவர்கள் ‘அருமை’, ‘காபி நன்று’ என்று எழுதிவிட்டுப் போவார்கள். மொரிவாக்கி பக்கம் பக்கமாக எழுதுவார். ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணிக்குச் சின்னவர்கள் வந்து வாசிப்பது ஃபுகுரோவின் வழக்கம். முடிந்ததும் அந்தப் பிள்ளைகள் கருவிகளை உறையில் போட்டுவிட்டு, பரீட்சை முடிவு பார்க்கிற மாதிரி நோட்டைப் புரட்டுவார்கள்.

அவருக்குப் பிடிக்காததெல்லாம் அதில் வரிசையாக இருக்கும். பலகைக் கணினியைப் பார்த்து வாசிக்கிறார்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் குனிந்து நன்றி சொல்கிறார்கள். மூச்சு விட்டால் குற்றம் என்பது போல ஆயிரம் சுரங்களைக் கொட்டுகிறார்கள். ஒலிபெருக்கியில் ஏதோ முனகல் வேறு. பாட்டு சூடு பிடிக்கிற நேரம் பார்த்து எங்கிருந்தோ மாடு கத்துகிற மாதிரி வருகிறது. இதை மட்டும் நோட்டில் பதினோரு தடவை எழுதிவிட்டார். கடைக்காரர் இனுகாய்—எல்லோருக்கும் அவர் மாஸ்டர்—ஒவ்வொரு தடவையும் ஜன்னலைப் பார்த்தபடி, “பார்க்கச் சொல்றேன்” என்பார். பாட்டு நடக்கும்போது பேசக் கூடாது என்பது கடையின் சட்டம். யாராவது குசுகுசுத்தால் மொரிவாக்கி திரும்பி ஒரு முறை முறைப்பார். அந்த மேசை அத்தோடு அடங்கிவிடும்.

இரண்டு வருஷத்துக்கு முன் புதிதாக ஒரு குறை சேர்ந்தது. டிரம்ஸ் வாசிக்கிற சின்னவர்கள் யாருமே சிம்பலைத் தொடுவதில்லை! ஜாஸுக்கு நாடியே அந்தப் பித்தளைத் தட்டில் விழுகிற ‘டிங், டிங்கடிங்’ தான். ஒரு கண்ணைத் திறந்து பார்த்தால் குச்சி தட்டில் படுவது தெரிகிறது, சத்தத்தைத்தான் காணோம். வீட்டில் பழைய இசைத்தட்டுகளைப் போட்டால் சிம்பல் கணீரென்று கேட்டது. ஆகவே குறை இந்தக் காலத்துப் பிள்ளைகளிடம்தான் என்று முடிவு கட்டினார். ஒரே இசைத்தட்டை ஆயிரம் தடவை கேட்டவனுக்குக் காது விட்டதை ஞாபகம் நிரப்பிக் கொடுக்கும் என்பது, பாவம், அவருக்கு உறைக்கவில்லை.

அந்தக் குறை அதிகம் விழுந்தது ஹோனோகாவின் தலையில். இருபத்து நான்கு வயதுப் பெண். வாரநாளில் ரொட்டிக்கடை வேலை, ஞாயிறு ஃபுகுரோவில் டிரம்ஸ். மென்மையாக வாசிப்பாள். ‘சிம்பல் எங்கே?’ என்று முதலில் எழுதினார். அடுத்த வாரம் கொஞ்சம் ஓங்கி அடித்தாள். ‘இன்னும் வரவில்லை’ என்று எழுதினார். அதற்கடுத்த வாரம் இன்னும் ஓங்கினாள். இரண்டாம் வரிசைப் பெண்மணி பின்வரிசைக்குப் போனார், மாஸ்டர் காதில் பஞ்சு வைத்துக்கொண்டார், பியானோப் பையன் அவளோடு பேசுவதை நிறுத்தினான். மொரிவாக்கிக்கோ ‘டொப் டொப்’ என்று ஏதோ தகர மூடிதான் கேட்டது. ஆகஸ்ட் கடைசி ஞாயிறு அவர் எழுதினார்: ‘தூசி தட்டுவது வேறு, வாசிப்பது வேறு. இரண்டாவதை எப்போது தொடங்குவதாக உத்தேசம்?’

எழுதிவிட்டு அந்த வாக்கியத்தை இரண்டு முறை படித்து ரசித்தார். வீட்டுக்குப் போய் மனைவி யசுயேவிடமும் சொல்லிக் காட்டினார்.

“நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. அரிசிக் குக்கர் அரை மணி நேரமா மணியடிச்சுக் கூப்பிட்டுக்கிட்டே கிடக்கு. அதையும் எழுதுங்க” என்றாள் அவள்.

“அது கெட்டுப்போச்சு. ஆறு மாசமா சத்தமே போடறதில்ல.”

யசுயே அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

செப்டம்பரில் முதியோருக்கான வருடாந்தர உடல் பரிசோதனை வந்தது. நர்ஸ் கொடுத்த வெப்பமானியை அக்குளில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். சத்தம் வந்ததும் எடுக்க வேண்டும். உட்கார்ந்தார், உட்கார்ந்தார், ஒரு வாரப்பத்திரிகையையே படித்து முடித்தார். நர்ஸ் ஓடி வந்தாள்.

“ஐயோ, இன்னும் வச்சிருக்கீங்களா? அது அடிச்சு கால் மணி நேரம் ஆச்சே!”

“இது அடிக்கல. வேற நல்லதா ஒண்ணு குடும்மா.”

அவள் வேறு கொண்டுவந்தாள். அதுவும் அடிக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த கிழவி, “இப்ப அடிச்சுதே” என்றாள். எண்பது வயதுக் கிழவி! மொரிவாக்கிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

அடுத்த அறையில் காதுப் பரிசோதனை. சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். முதலில் நாலைந்து தடவை அழுத்தினார். அப்புறம் எதுவும் வரவில்லை. இயந்திரத்தை இன்னும் போடவில்லை போலிருக்கிறது என்று பொறுமையாகக் காத்திருந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டாக்டர் எழுந்து நின்று கையாட்டினார். பரிசோதனை முடிந்துவிட்டிருந்தது.

“கீழ்ச் சத்தமெல்லாம் வாலிபன் மாதிரி கேக்குது உங்களுக்கு. மேல் சத்தம் சுத்தமா போச்சு” என்றார் டாக்டர். “மூணு நாலு வருஷமாவே இருக்கும்.”

“மேல் சத்தம்னா எது?”

“வெப்பமானி, குக்கர் மணி, சுஸுமுஷிப் பூச்சி…”

தோட்டத்தில் சுஸுமுஷிப் பூச்சி கத்துவதே நின்றுவிட்டது, பூச்சிமருந்து அடித்துக் கொன்றுவிட்டீர்கள் என்று போன வருஷம்தான் நகராட்சிக்குக் காரசாரமாகக் கடிதம் போட்டிருந்தார்.

“சிம்பல்?” என்று கேட்டார்.

“ஓ, அதுதான் முதல்ல போகும்” என்றார் டாக்டர் சாதாரணமாக.

மொரிவாக்கி வீடு வரை நடந்தே வந்தார். வழியெல்லாம் அந்தத் தூசி வாக்கியம் கூடவே வந்தது. செய்தியைச் சொன்னதும் யசுயே துணியை மடித்தபடியே, “மூணு வருஷமா காதைக் காட்டுங்க, காதைக் காட்டுங்கன்னு சொல்றேன்” என்றாள்.

“நீ சொன்னதா எனக்கு ஞாபகமே இல்லையே.”

“எப்படி இருக்கும்? காதுல விழுந்தாத்தானே!”

காதில் மாட்டும் கருவி வந்தது. கடலைப்பருப்பு அளவு. அதை மறைக்க, இன்னும் வெயில் தணியாத அக்டோபரில், கம்பளிக் குல்லாயை இழுத்துவிட்டுக்கொண்டு ஃபுகுரோவின் படியேறினார். ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்து கேட்பது, நோட்டில் ‘முன்னேற்றம் தெரிகிறது’ என்று எழுதுவது, விஷயத்தைப் பூசி மெழுகிவிடுவது: இதுதான் திட்டம். காது என்கிற பெயர் போய்விட்டால் அவரிடம் மிச்சம் என்ன இருக்கிறது? கடைசியில் ஊதத் தெரியாத ஒரு கிளாரினெட்தான்.

மாஸ்டர் கல்லாவிலிருந்து குனிந்து தணிந்த குரலில் சொன்னார். “இன்னைக்கு ஹோனோகாவுக்குக் கடைசி நாள். விட்டுடறாளாம். டிரம்ஸையே.”

“ஏன்?”

மாஸ்டர் ஜன்னலைப் பார்க்கவில்லை. நோட்டைப் பார்த்தார்.

மொரிவாக்கி தன் குழிக்குள் போய் உட்கார்ந்தார். நால்வர் மேடைக்கு வந்தார்கள். ஹோனோகா உதட்டைக் கடித்துக்கொண்டு குச்சியை ஓங்கினாள். அடுத்த நொடி, அப்பப்பா! ஒரு சமையலறை மொத்தமும் மாடிப்படியில் உருண்ட மாதிரி இருந்தது. மொரிவாக்கி துள்ளியதில் காபி மடியில் கொட்டியது. நாற்பத்தாறு வருஷத்தில் முதல் தடவையாகக் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு முழுப் பாட்டும் கேட்டார். இரண்டாம் வரிசையில் யாருமே இல்லை என்பதும் அன்றைக்குத்தான் அவர் கண்ணில் பட்டது. அந்தப் பெண் வாசிக்கவில்லை, அடித்துக்கொண்டிருந்தாள், ஒவ்வொரு அடியும் அவருக்காக. அவருக்கு வெட்கத்தில் உடம்பு கூசியது. நடுவில் அந்தப் பாழாய்ப்போன ஒலிபெருக்கி முனகல் முன்னைவிடக் கிட்டத்தில் கேட்டது. அதைப் பற்றி யோசிக்க அன்று நேரமில்லை.

இடைவேளையில் எழுந்து மேடையோரம் போனார். அவரைக் கண்டதும் ஹோனோகா நேராக நின்று குனிந்தாள்.

“மொரிவாக்கிசான், மன்னிச்சுக்குங்க. இன்னைக்கும் கேக்கலையா?”

“இல்ல இல்ல. இன்னைக்கு… நல்லாக் கேட்டுச்சு. முன்னேற்றம்.”

அவள் முகம் மலர்ந்துவிட்டது. “நெஜமாவா? அப்ப இதுதானா? இனிமே எப்பவும் இப்படியே வாசிக்கணுமா?”

‘ஆமாம்’ என்று சொன்னால் பெயர் பிழைத்துவிடும். இந்தப் பெண் ஆயுள் முழுக்கத் தகரம் உடைப்பாள். அவர் குல்லாயைக் கழற்றினார். காதிலிருந்து அதைப் பிடுங்கி உள்ளங்கையில் வைத்து நீட்டினார்.

“நான் மூணு வருஷமா ஒரு சிம்பலும் கேட்டதில்லம்மா. உன்னுது மட்டுமில்ல, யாருதும். குக்கர் மணியே கேக்காத ஆளு நான்.”

ஹோனோகா அந்தக் கடலைப்பருப்பைப் பார்த்தாள். பரவாயில்லை என்று சொல்வாள் என்று அவர் எதிர்பார்த்தார். இந்தக் காலத்துப் பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் அதைத்தானே சொல்வார்கள். அவள் சொல்லவில்லை. சட்டைக் கையை மேலே இழுத்தாள். மணிக்கட்டில் மருந்துப் பட்டை ஒட்டியிருந்தது, சுற்றிலும் வீக்கம்.

“எனக்கு டிரம்ஸே கைவராதுன்னு நெனச்சேன். ராத்திரி ராத்திரி அழுதிருக்கேன். எங்க பியானிஸ்ட் என் மூஞ்சியப் பாக்கறதில்ல. அந்த நோட்டுல எழுதினீங்கல்ல? இதையும் அங்கயே எழுதுங்க.”

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மொரிவாக்கி நோட்டருகே போய்ப் பென்சிலை எடுத்தார். பக்கம் பக்கமாக எழுதுகிறவருக்கு அன்று ஒரே ஒரு வாக்கியம் வர ஐந்து நிமிஷம் ஆனது: ‘இரண்டு வருஷமாக இந்த நோட்டில் சிம்பலைப் பற்றி நான் எழுதியதெல்லாம் என் காதைப் பற்றியது. மொரிவாக்கி கென்சாகு.’ மாஸ்டர் எட்டிப் படித்துவிட்டு, காதிலிருந்த பஞ்சை எடுத்துக் குப்பையில் போட்டார்.

இரண்டாம் பகுதியில் ஹோனோகா குச்சியின் நுனியால் மட்டும் சிம்பலைத் தொட்டாள். மணலில் மழை விழுகிற மாதிரி சின்னச் சின்னதாக, ஒன்றுகூடப் பிசகாமல் வந்தது. இரண்டு வருஷம் தன் மூக்குக்கு முன்னால் இது நடந்திருக்கிறது என்று நினைத்தபோது மொரிவாக்கிக்கு அழுகை வந்தது. குல்லாயால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். முடிந்ததும் அவளிடம் எதுவும் கேட்காமல் படியிறங்கிவிட்டார். கேட்க அவருக்கு என்ன யோக்கியதை?

அடுத்த ஞாயிறு ஒன்றே முக்காலுக்குப் போனபோது மேடையில் டிரம்ஸ் இருந்தது. ஹோனோகா திருகாணி முறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்காமல் நோட்டுப் பக்கம் தலையை அசைத்தாள். அவர் எழுதியதற்குக் கீழே, உருண்டையான சின்ன எழுத்தில், இப்படி இருந்தது:

‘முன்வரிசை, இடமிருந்து இரண்டாவது நாற்காலி. பாட்டு சூடு பிடிக்கும்போதெல்லாம் அங்கிருந்து ஒரு முனகல் வருகிறது. சுருதி அரைச் சுரம் கீழே. தாளமும் பின்தங்குகிறது. ஒலிபெருக்கியில் எந்தக் கோளாறும் இல்லை என்று மாஸ்டர் சொல்லச் சொன்னார். ஹோனோகா.’

மொரிவாக்கி மூன்று முறை படித்தார். கல்லாவைத் திரும்பிப் பார்த்தார். மாஸ்டர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எத்தனை வருஷமா?” என்றார் மொரிவாக்கி.

“நாற்பத்தாறு” என்றார் மாஸ்டர். “எங்கப்பா காலத்துல ஆரம்பிச்சது.”

காது வரை சிவந்துபோய்த் தன் நாற்காலிக்கு வந்தார். பாட்டு தொடங்கியது. கையைக் கட்டவில்லை, ஒரு கையால் வாயை இறுக்கப் பொத்திக்கொண்டார். மூன்றாவது பாட்டில் ஹோனோகா சிம்பலை மெல்ல வருடியபோது, பொத்திய கையையும் மீறி அது வெளியே வந்துவிட்டது. இந்தத் தடவை அது தன் தொண்டையிலிருந்து வருவது அவருக்கே கேட்டது. அடடா, நிஜமாகவே மாடுதான். ஹோனோகா தாளம் விடாமல் அவரைப் பார்த்துச் சிரித்தாள். பின்வரிசையிலிருந்து யாரோ ‘உஷ்’ என்று சொல்லி முறைத்தார்கள். மொரிவாக்கி திரும்பித் தலை குனிந்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.