பரணில் ஏறிய கடிதம்

ரங்கூனுக்கு வந்த நாலாம் நாளே, ஒரு கழியை எடுத்ததற்குத் தெருவே என் கொல்லையில் கூடிவிட்டது. இங்கே மரவீடுகளின் வாசலிலெல்லாம் இரும்புக் கொக்கி மாட்டிய நீள மூங்கில் சாத்தியிருக்கிறது. பக்கத்தில் தண்ணீர்ப் பானைகள். நம் ஊரில் கொக்கி வைத்த துரட்டி எதற்கென்று யாருக்குத் தெரியாது? நான் அதைக்கொண்டு முருங்கைக்காய் இழுத்துக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டு மா சோ "மீ! மீ!" என்று அலறி ஓடிவந்தாள். காய் கேட்கிறாளென்று இரண்டை நீட்டினேன். 'மீ' என்றால் நெருப்பு என்பதே அப்போது தெரியாது. அரிசி மில்லிலிருந்து வந்த என் கணவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"அது காய் பறிக்கதுக்கு இல்ல புள்ள. தீப்பிடிச்சா வீட்டைப் பிடுங்கதுக்கு."

"யாரு வீட்டை?"

"எரியுத வீட்டுக்கு அடுத்த வீட்டை, தீ தாவாம இருக்கதுக்கு. அது நம்ம வீடாவும் இருக்கும். அப்பவும் நீ காயை நீட்டாத."

யார் பானை தூக்குவது, யார் கொக்கி பிடிப்பது, கிழவர்களை எந்தச் சந்து வழியாக வெளியேற்றுவது என்று தீ வருமுன்னரே இவர்கள் பேசிவைத்திருக்கிறார்கள். சீவலப்பேரியில் நாங்கள் என்ன பேசிவைத்திருந்தோம்? எனக்கு ஒன்பது வயதில் ஆறு ஊருக்குள் வந்தது. தகப்பனில்லாத வீடு. அம்மா நெல்லையும் ஆட்டையும் என்னையும் பரணில் ஏற்றித் தானும் ஏறிக்கொண்டாள். மண்சுவர் அடியில் ஊறிச் சரியத் தொடங்கியபோது, பக்கத்து வீட்டு மாமா ஓலைக்கூரையைப் பிய்த்து எங்களை வெளியே இழுத்தார். சுவர் சரிந்ததை அம்மா மறந்துவிட்டாள். பரண் காப்பாற்றியது என்று இன்றும் சொல்லுகிறாள்.

எங்கள் குடும்பத்தில் எழுத்துத் தெரிந்த முதல் ஆள் நான். பாளையங்கோட்டைப் பள்ளிக்கூடத்தில் என் கையெழுத்தைப் பலகையில் ஒட்டிவைத்தார்கள். அந்தக் கையெழுத்தில், ஆடி மாதம், அம்மாவுக்கு எழுதினேன்: படித்துறை மறைந்தால் உடனே புறப்படு. பரணில் ஏறாதே. ஆட்டை அவிழ்த்துவிடு. மேட்டுத்தெருவுக்குப் போ.

தபால்கார அண்ணாச்சி கையால் பதில் வந்தது. அம்மா சொன்னதை அப்படியே எழுதியிருந்தார்.

"ஏட்டி, வெள்ளிக்கிழமையும் அதுவுமா அண்ணாச்சி வெள்ளம்னு வாசிக்க ஆரம்பிச்சாரு. வாயில வந்தா வாசல்ல வரும்னு நிறுத்தச் சொல்லிட்டேன். உன் காயிதம் பரண்ல பத்திரமா இருக்கு. வெள்ளம் வந்தா எடுத்து வாசிக்கச் சொல்லுதேன்."

வெள்ளம் வந்தால் அண்ணாச்சி எப்படி வருவார்? அவர் அக்கரைக்காரர். அன்றே இன்னொரு கடிதம் எழுதினேன். அதையும் அவர்தான் வாசிக்கவேண்டும், அம்மா சம்மதித்தால். ஐப்பசி பிறந்துவிட்டது. பதில் இல்லை. இதை வாசிக்கிறவர்கள் யாரேனும் அந்தப் பக்கம் போனால், பரணில் ஏறவேண்டாமென்று அவளிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை மட்டும் போகாதீர்கள்.

இங்கே மழை ஓய்ந்து, தீக்காலம் நெருங்குகிறது. நேற்று லூஜி, அதாவது தெருப் பெரியவர், வீடுவீடாகச் சோதிக்க வந்தார். பானைகள் நிறைந்திருக்கின்றனவா என்று பார்த்தார். கொக்கியை ஆட்டிப் பார்த்தார். ஆபத்து வந்தால் என்ன செய்வதென்று தெரியாதவர் இந்த வீட்டில் உண்டா என்று கேட்டார். எனக்குத் தெரிந்த அரைகுறைப் பர்மியப் பேச்சில் சொன்னேன்:

"ஒருத்தர் உண்டு. என் அம்மா."

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார். அடுக்களை வரை தேடினார்.